டீ டம்ளர் தெரிகிறதா?

உத்திரமேரூர் பக்கம் வந்து புழுங்கல் அரிசி மில் எங்கே என்று கேட்டால், என் மில் புகைக்கூண்டைத்தான் கை நீட்டிக் காட்டுவார்கள். அதை நிறுத்தியவன் நான். ஏரிக்கரை மண் தாங்காது, முதல் மழைக்கே சாய்ந்துவிடும் என்றார்கள். சாயவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அடுத்தவர் களத்தில் நெல் தூற்றிய குடும்பம். ஒற்றை மாட்டு வண்டியில் உமி ஏற்றிக்கொண்டு மானாம்பதிக்கும் மாகறலுக்கும் அலைந்தவன், களம் போட்டேன், நெல் அவிக்கிற தொட்டி கட்டினேன், பாய்லர் நிறுத்தினேன், பாறையை உடைத்துக் கிணறு எடுத்தேன், எடைமேடை போட்டேன். ஒரு செங்கல்லைக்கூட யாரும் எனக்கு எடுத்துக் கொடுத்ததில்லை. மில்லுக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்ததும் நான்தான். பிறகு, சூட்டைப் படம் பிடிக்கிற கேமராவை வாங்கி, பின்பக்கச் சாம்பல் மேட்டின் படத்தை முன்பக்க ஆபீசில் ஓடவிட்டவனும் நான்தான். எங்கள் தாலுகாவில் அதுவரை எந்த மில்காரனும் செய்யாத வேலை.

எதற்கும் பயப்படாதவன் என்று எனக்குப் பேர் இருந்தது. அந்தப் பேரை ஒரு பெண்பிள்ளை வந்து உடைத்துவிட்டுப் போனாள். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்குக் கீழே அவளுக்குக் கடை. கல்யாண மண்டபம், மருந்துக்கடை, அடகுக்கடை என்று எல்லா இடத்திலும் கேமரா மாட்டுவாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி உடம்பு, தோளில் ஒரு கனத்த பை. மில்லில் எல்லோரும் கேமராம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வண்டியைப் பூட்டிவிட்டு நாலடி நடப்பாள், திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். மீட்டர் பெட்டியில் கை வைப்பதற்கு முன், "கரண்ட்டு இல்லல்ல?" என்று என்னிடம் கேட்பாள். அதையே மேஸ்திரியிடம் கேட்பாள். பிறகு கேட்டில் நிற்கிற வாட்ச்மேனிடமும் கேட்பாள். மூன்று பேரும் இல்லை என்று சொன்ன பிறகும் டெஸ்டரை வைத்துத்தான் பார்ப்பாள். ஏணியைக் கண்டால் முகம் வெளுத்துவிடும்.

இப்படி ஒருத்தியை வைத்து வேலை வாங்க எனக்குப் பொறுமை ஏது? ஆனால் அப்போது எனக்கே ஒரு பயம் பிடித்திருந்தது. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

பாய்லரில் உமி எரிந்த சாம்பலை டிராலியில் தள்ளிக்கொண்டுபோய், மில்லுக்குப் பின்னால் ஏரி ஓரமாகக் கொட்டுவோம். செங்கல் சூளைக்காரர்கள் லாரி கொண்டுவந்து அள்ளிப் போவார்கள். கூடையில் அள்ளி லாரியில் ஏற்றுவது பெண்கள் வேலை. உமிச் சாம்பல் ஏமாற்றும். மேலே பார்த்தால் சலித்து வைத்த மாவு மாதிரி அமைதியாக இருக்கும். உள்ளே நாள் கணக்கில் தணல் உயிரோடு கிடக்கும். ஒரு நாள் காலையில், பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி துள்ளிக்கொண்டு ஓடிவந்து அந்த மேட்டின் மேல் ஏறியது. மேல் ஓடு உடைந்து நான்கு காலும் உள்ளே போய்விட்டன. புகை வரவில்லை. தீ தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

கூடையோடு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள் கன்னியம்மா. சாம்பல் அள்ளுகிற பெண்களில் மூத்தவள் அவள். எப்போதும் முதல் கூடை அவளுடையது. அவளுக்குப் பின்னால்தான் மற்றவர்கள் மேட்டில் கால் வைப்பார்கள். அன்றைக்குக் கன்று முந்திக்கொண்டது. கன்னியம்மா தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் கூடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போகும்போதெல்லாம் நான் வேலையை விட்டுவிட்டு அவள் கால்களையே பார்ப்பேன்.

விசாரித்து, சூட்டைக் காட்டுகிற கேமராவை வரவழைத்தேன். பெட்டியில் வந்தது. மாட்டுவதற்கு உள்ளூரில் அவளை விட்டால் ஆள் இல்லை.

அவளுக்கும் அந்த மாதிரிக் கேமரா புதிதுதான். பெட்டியைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடியாகவே இல்லை, கறுப்பாக, உள்ளே ஒன்றும் தெரியாமல், பெரிய கட்டைவிரல் அகலத்துக்கு இருந்தது. யாருக்கோ போன் போட்டுப் பேசினாள். அப்புறம் என்னிடம் வந்தாள்.

"ஐயா, இது வெளிச்சத்தைப் பாக்கறது இல்ல. சூட்டைத்தான் பாக்குது. எனக்குக் கொஞ்சம் பயமாக்கீது. கத்துக்கினு செய்யறேன், அவசரப்படுத்தாதீங்க."

"உனுக்கு எதுதாம்மா பயமில்ல?"

"பயம் இல்லாத வேலைய இன்னும் யாரும் எனக்குக் குடுக்கல ஐயா."

ஆபீஸ் ரோட்டு ஓரம். சாம்பல் மேடு ஏரி ஓரம். நடுவில் மில் முழுவதும் கிடக்கிறது. படத்தைக் கொண்டுபோகிற ஒயர் ஓர் அளவுக்கு மேல் நீண்டால் படம் களைத்துப்போகுமாம். அதனால் பாய்லர் ரூம் சுவரில் ஒரு சுவிட்ச் பெட்டி வைத்தாள். அதிலிருந்து போகிற ஒற்றை ஒயரிலேயே கேமராவுக்குக் கரண்டும் போகும், அங்கிருந்து படமும் வரும். எல்லாம் மாட்டிய பிறகும் படம் வரவில்லை. எடைமேடைக் கம்ப்யூட்டருக்கும் கேமராவுக்கும் ஒரே நம்பர் விழுந்திருந்தது. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரன் என்ன செய்வான்? இதை நான்தான் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டு கேமராவுக்கு வேறு நம்பர் கொடுத்தாள். படம் வந்தது. நிறத்தையும் அவளே நிறுத்தி வைத்தாள். ஆறினது நீலம், உடம்புச் சூடு பச்சை, கை பொறுக்காத சூடு மஞ்சள், அதற்கும் மேல் வெள்ளை. மேஸ்திரி ஆபீசில் வந்து பார்த்து, மேடு நீலமாக இருந்தால் விசில் ஊத வேண்டும். விசில் கேட்ட பிறகுதான் பெண்கள் கால் வைக்க வேண்டும்.

முதல் நாள் கன்னியம்மா கூட்டத்தோடு ஆபீசுக்கு வந்து திரையைப் பார்த்தாள். மேட்டுப் பக்கம் நின்றிருந்த இன்னொருத்தி, முகமே இல்லாமல் பச்சையாக அசைந்தாள்.

"அய்ய, இன்னாடி இவ, பேய் மாதிரி கீறா!"

"நீ போய் நில்லு, உன்னைப் பாத்தா பேயே ஓடும்."

எல்லோரும் சிரித்தார்கள். கேமராம்மா சிரிக்கவில்லை. என்னிடம் திரும்பி, "ஐயா, ஒரு டீ சொல்றீங்களா? நல்லா கொதிக்கக் கொதிக்க," என்றாள்.

டீ வந்தது. அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. டம்ளரைத் துண்டால் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனாள். கேமரா கம்பத்துக்கு முன்னால் நின்று, டம்ளரைத் தூக்கிப் பிடித்து எனக்குப் போன் போட்டாள்.

"டீ டம்ளர் தெரிதா ஐயா?"

"இல்லியே."

"நல்லாப் பாருங்க."

அவள் திரும்பி ஆபீசுக்கு வந்து, ஆறிப்போன டீயை என் மேசைமேல் வைத்த பிறகு, திரையில் அவள் டம்ளரைத் தூக்கிக்கொண்டு நின்றாள். ஆள் என் பக்கத்தில் நிற்கிறாள்; படத்தில் பின்பக்கம் நிற்கிறாள்.

"பாத்தீங்களா? படம் ஓடிக்கினுதான் கீது. ஆனா இப்ப நடக்கறது இல்ல, எப்பவோ நடந்தது," என்றாள். உட்கார்ந்து படத்தின் கனத்தைக் குறைத்தாள். மறுபடியும் டீ கேட்டாள், மறுபடியும் போனாள். அவள் கை உயர்ந்ததும் திரையில் வெள்ளைப் புள்ளி உயர்கிறவரைக்கும் விடவில்லை. அன்றைக்கு எத்தனை டம்ளர் டீ ஆறிப்போயிற்று என்று கேண்டீன்காரரைத்தான் கேட்க வேண்டும்.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் வேலை, பில் மிஷின் வேலை என்று எதற்கு வந்தாலும் முதலில் டீ கேட்பாள். டம்ளரோடு பின்பக்கம் போவாள், நான் திரையைப் பார்த்துக்கொண்டு போனில் பதில் சொல்ல வேண்டும். ஒரு நாள் எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஏம்மா, பேஜாரு பண்ற? படம்தான் தெளிவா வருதே."

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"எங்க அப்பா படுத்த படுக்கையா இருந்தாரு ஐயா. நான் வேலைக்குப் போவணும், வூட்ல வேற ஆள் இல்ல. அதனால வூட்லயே ஒரு கேமரா மாட்டி, போன்ல பாத்துக்கினு இருப்பேன். ஒரு நாள் காத்தால டீ வெச்சிக் குடுத்துட்டு, தலைகாணி வெச்சி உக்கார வெச்சிட்டு வந்தேன். அப்பப்ப போன எடுத்துப் பாக்கறேன். கையில டம்ளரோட நல்லா உக்காந்துனு கீறாரு. மத்தியானம் பாக்கறேன், அப்பவும் டம்ளரோட உக்காந்துனு கீறாரு. சாயங்காலம் வரிக்கும் அதே டம்ளர். ஒரு டீயை எவ்ளோ நேரம் ஒரு மனுசன் குடிப்பாருன்னு எனக்குத் தோணவே இல்லியே ஐயா."

படம் காலையிலேயே நின்றுபோயிருக்கிறது. அவர் கீழே விழுந்து கிடந்திருக்கிறார். பிறகு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். "தெரிதா ஐயா?" என்று போன் வந்ததும், "தெரிதும்மா, நல்லாத் தெரிது," என்று எழுந்து நின்று சொன்னேன்.

ஏணியில் ஏற அவளுக்குப் பயம் என்றேன் அல்லவா? அதனால் கேமராவைக் கம்பத்தில் ஏறி மாட்டியது மேஸ்திரிதான். சாம்பல் தூசு படிந்தால் ஏறி, மெல்லிய துணியால் துடைப்பதும் அவன்தான். அவள் கீழே இருந்துகொண்டு, "அண்ணே, மெதுவா, அண்ணே, அழுத்தாதீங்க," என்று கத்துவாள். நாளடைவில் அந்தக் கேமரா அவனுடைய பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. வேறு யாரையும் அந்த ஏணியைத் தொடவிட மாட்டான்.

அந்த வருஷம் ஆயுத பூஜையை விமரிசையாகச் செய்தோம். மில்லை நிறுத்தி, கழுவி, நெல் குத்துகிற ஹல்லர், நெல்லை மேலே ஏற்றுகிற எலிவேட்டர், மோட்டார், பாய்லர், எடைமேடை, என் நாற்காலி வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. இரவெல்லாம் பெய்திருக்கிறது. மறுநாள் காலை பூசணிக்காய் உடைத்து, ஸ்டீம் ஏற்றி, மில்லை ஓட்டினோம். சூளைக்காரர் லாரி வந்து பின்பக்கம் நின்றது.

திரையைப் பார்த்தேன். எல்லாம் நீலம். கலங்கலாக, அமைதியாக, ஒரே நீலம். மேஸ்திரியும் வந்து பார்த்தான்.

"மழைக்கு நல்லா ஆறிப்போச்சி மொதலாளி. ஈரத்துல படங்கூட மங்கலா கீது."

விசிலை எடுத்துக்கொண்டு போனான். பூஜைக்கு முந்தின நாள் கொட்டிய புதுச் சாம்பலும் அந்த மேட்டில்தான் இருந்தது.

அந்த நேரம் கேமராம்மா உள்ளே வந்தாள். பூஜைக்கு வர முடியவில்லை, பொரியாவது கொடுங்கள் என்று சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பொரிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல, "ஒரு டீ ஐயா," என்றாள். டீ வந்ததும் எடுத்துக்கொண்டு போனாள். தூரத்தில் விசில் சத்தம் கேட்டது. மேசைமேல் போன் அடித்தது.

"தெரிதா ஐயா?"

"இல்லம்மா."

"டம்ளரை ஆட்டறேன் பாருங்க."

"டம்ளர் தெரியல. நீயும் தெரியலியேம்மா."

"நானே தெரியலியா?"

உயிருள்ள உடம்பு அந்தக் கேமராவுக்கு விளக்கு மாதிரி. அவள் அதற்கு நேர் முன்னால் நிற்கிறாள். திரையில் ஆளும் இல்லை, டம்ளரும் இல்லை. நீலம்தான். நான் ஜன்னல் பக்கம் ஓடினேன். மில் ஓரமாக, பின்பக்கக் கோடி தெரியும். கூடைகளோடு பெண்கள் மேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் கன்னியம்மா. கேமராம்மா இந்தப் பக்கக் கம்பத்தடியில் இருந்து கையை வீசிக்கொண்டு ஓடுகிறாள். வாய் திறந்திருக்கிறது. என் காதில் வைத்திருந்த போனில் அவள் அலறுவது கேட்கிறது. அங்கே கன்னியம்மாவுக்குக் கேட்கவில்லை. ஹல்லரும் எலிவேட்டரும் உமி ஊதுகிற புளோயரும் சேர்ந்து ஓடும்போது, எங்கள் மில்லில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதே கேட்காது. மேஸ்திரி விசில் ஊதிவிட்டு லாரி டிரைவரோடு கை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

கன்றுக்குட்டியின் சத்தம் என் காதுக்குள் வந்துவிட்டது. ஓடினாலும் போய்ச் சேர மாட்டேன் என்று தெரிந்தது. என் அறைக்குப் பின்சுவரில்தான் மெயின் சுவிட்ச். பாய்லர் எரியும்போது மெயினைப் பிடுங்கக் கூடாது. தண்ணீர் ஏற்றுகிற பம்பு நிற்கும், புகையை இழுக்கிற விசிறி நிற்கும், தொட்டியில் அவிகிற நெல் முழுக்கப் பாழாகும், அதற்கு மேலும் ஆகலாம். அந்தப் பாய்லரை நிறுத்தியவன் நான், எனக்குத் தெரியாதா? இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

மில் நின்றது.

சத்தம் அடங்க அடங்க, அதற்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் கிழிந்து வந்தது.

"கன்னியம்மாக்கா! காலை வெக்காத! காலை வெக்காத!"

கன்னியம்மா தூக்கிய காலோடு நின்றாள். திடீரென்று நின்றதில் தடுமாறி, கையில் இருந்த மூங்கில் கூடை நழுவி மேட்டின்மேல் விழுந்தது. ஒரு கணம் அப்படியே இருந்தது. பிறகு மழையில் இறுகியிருந்த ஓடு உடைந்தது. கூடை மெதுவாக உள்ளே இறங்கியது. உள்ளே ஒரு சிவப்பு தெரிந்தது. கூடை பற்றிக்கொண்டது.

பாய்லர் பக்கம் வால்வு திறந்து ஸ்டீம் சீறியது. "எவன்டா மெயினைப் பிடுங்கினது?" என்று பாய்லர்காரன் கத்தினான். அவனுக்குப் பதில் சொல்ல நிற்காமல் நான் பின்பக்கம் ஓடினேன்.

மேஸ்திரி ஏணி வைத்து ஏறினான். மேலே போனவன் அப்படியே நின்றுவிட்டான். கறுப்புக் கண்ணின் மேல், கேமராக் குடையின் மறைவில் மழைக்குக் கரையாமல், அதை முழுக்க மூடி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்த சந்தனம். நடுவில் குங்குமம். கேமரா தன் நெற்றிச் சந்தனத்தைத்தான் இரவெல்லாம் பார்த்து, எங்களுக்கு நீலமாகக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"எல்லா மிஷினுக்கும் வெச்சமே... இதுக்கு மட்டும் வெக்கலன்னா மனசு கேக்கல மொதலாளி," என்றான். ஏணியிலேயே அழுதான்.

கேமராம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். டீ அவள் கைமேல் கொட்டிச் சிவந்திருந்தது, அவளுக்கு அது தெரியவில்லை. "கண்ணுல வெக்காம தலை மேல வெச்சிருக்கலாம்ல அண்ணே," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். முடியாமல், பக்கத்தில் திரும்பி வாந்தி எடுத்தாள். கன்னியம்மா வந்து, அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த இரண்டு கால்களையும் நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மெட்டி போட்ட கால்கள்.

கேட்டுக்குப் பக்கத்தில் அவள் பேரை எழுதி ஒரு போர்டு வைக்கிறேன் என்று சொன்னேன். பதறிப்போனாள்.

"வேணாங்க ஐயா. பேரைப் போட்டா, நாளைக்கு எங்கனா ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா என்னைத்தான் தேடுவாங்க. அந்தப் பயம் எனக்குத் தாங்காது. நீங்க தினம் டீ காட்டுங்க, அது போதும்."

கொஞ்ச காலத்தில் கடையைக் காலி செய்துவிட்டாள். திருத்தணிப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போனதாகச் சிலர் சொன்னார்கள். பழைய நம்பருக்குப் போட்டால் வேறு யாரோ எடுக்கிறார்கள். இப்போது என் மில்லில் ஒவ்வொரு காலையும் கன்னியம்மாவே டம்ளரைத் தூக்கிக் காட்டுகிறாள், நான் திரையில் பார்த்துச் சொல்கிறேன், அப்புறம்தான் விசில். வெள்ளைப் புள்ளி தெரிகிறவரைக்கும் என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. தெரிந்த பிறகும் அடித்துக்கொள்கிறது. அவள் என்னிடம் விட்டுப்போனது அந்த அடிப்பைத்தான்.

சமீபத்தில் மில்காரர்கள் கூட்டம் ஒன்றில், ஒருவர் மேடையேறி, சூட்டுக் கேமராவை டீ டம்ளர் காட்டிச் சோதிப்பது தங்கள் மில்லில் தாங்களே கண்டுபிடித்த முறை என்று பேசினார். கை தட்டினார்கள். நான் எழுந்து நின்றேன். மைக் என் பக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த எழுத்து.

ஊர்ச்சபைக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்பதைக்கூடக் கோயில் சுவரில் வெட்டி வைத்த ஊர் எங்களுடையது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டு எங்களுக்குப் பழக்கமில்லை. இனி எந்த மேடையில் யார் அந்த முறையைச் சொன்னாலும், இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லிக்கொடுத்தவள் பயந்த ஒருத்தி. அவள் பேர் வேண்டாம். வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுதான் போனாள். அவள் குரல் கன்னியம்மாவின் காதில் விழ வேண்டும் என்று, எரிகிற பாய்லரோடு ஓடிக்கொண்டிருந்த மில்லை நிறுத்தியவன் நான். அந்த மில்லைக் கட்டியவனும் நான். இரண்டையும் எழுதுங்கள். சின்ன எழுத்தில் வேண்டாம்.